பூட்லோடர் மாற்றிய வீடுகள்

ரவுட்டரில் பூட்லோடர் மாற்றும் தொழிலில் இருப்பவர்கள், தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி கொஞ்சம் மெதுவானாலே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

நீங்களும் இந்த வேலை பார்ப்பவர் என்றால் காரணம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கரண்ட் கொடுத்ததும் ரவுட்டரை முதலில் எழுப்பிவிடும் குட்டி நிரல்தான் பூட்லோடர். பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும் அந்த அரை நிமிடத்தில் கரண்ட் போனால், பெட்டியை எழுப்ப உள்ளே எதுவும் மிஞ்சாது.

எங்கள் பக்கம் வீடு வீடாக இணையம் கொடுத்த ஒரு கம்பெனி, ஒருநாள் சேவையை நிறுத்திக்கொண்டு போய்விட்டது. அவர்கள் கொடுத்துவிட்டுப் போன ரவுட்டர்கள் வேறு யாருடைய இணைப்பையும் ஏற்காது. அந்தப் பூட்டு பூட்லோடரிலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் படித்துத் திருத்தக்கூடிய திறந்த மூல ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியை ஓட்டும் நிரலை, போட்டால் பெட்டி பிழைத்துக்கொள்ளும். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதித்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகிக் கோட்டைக்குப்பம் வந்த பிறகு, பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை பிடித்து இதில் இறங்கினேன்.

நாத்தனார் வீட்டுப் பெட்டி

முதல் பெட்டி என் நாத்தனார் வள்ளியுடையது. அவள் அப்போது ஆசிரியர் தேர்வுக்கு இணையத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் வகுப்பு. அன்றுதான் ஒரு கேபிள்காரர் புது இணைப்பு கொடுத்திருந்தார், பெட்டிதான் அதை ஏற்கவில்லை. "வகுப்பு ஆரம்பிக்கறதுக்குள்ள கொடுத்துடறேன்" என்று சொல்லி மத்தியானம் வாங்கி வந்தேன். மூடியைக் கழற்றி, போர்டில் மூன்று மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து, கணினியோடு பேசவைத்தேன். எழுத்துகள் ஓட ஆரம்பித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. பழையதற்கு ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அவசரத்தில் எடுக்கவில்லை. அழிக்கச் சொன்னேன், அழித்தது. எழுதச் சொன்னேன், மின்விசிறி நின்றது.

கரண்ட் வந்த பிறகு பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. நானும் செருகிச் செருகிப் பார்த்தேன். சிப்பிலேயே நேராக எழுதுகிற கருவியை வரவழைத்து அதை எழுப்ப இருபது நாள் ஆனது. அந்த இருபது நாளும் வள்ளி மூன்று தெரு தள்ளி ஒரு தோழி வீட்டுக்குப் போய்ப் படித்தாள். அவள் ஒருநாளும் கோபப்படவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "நீ சரி பண்றதுக்கு முன்னாடி, நெட்டு இல்லாட்டியும் ரெண்டு லைட்டு எரிஞ்சிக்கினு இருந்திச்சு அண்ணி."

பசியாவரத்துக்குப் படகில்

பசியாவரம் ஏரிக்கு நடுவே இருக்கும் தீவு. அங்கிருந்து வந்த அஞ்சலையின் புருஷன் முருகன் வளைகுடா நாட்டில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தான். சில வாரங்களுக்கு ஒருமுறை கரையேறும்போதுதான் பேசுவான். அஞ்சலையின் வீட்டுக்குள் சிக்னல் சரியாக எட்டாது. குரலே விட்டுவிட்டுத்தான் கேட்கும், முகத்துக்கு வழியே இல்லை. கூரை உயரத்தில் கம்பு நட்டு, அதில் சிம் போட்டு இணையம் இழுக்கும் டாங்கிளைக் கட்டி ரவுட்டரில் செருகலாம். ஆனால் அவளிடம் இருந்த பூட்டிய பெட்டி டாங்கிளைக் கண்டுகொள்ளவே இல்லை.

முருகன் அன்று சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். மறுநாள் மறுபடி கடலுக்குப் போகிறானாம். கடையில் வைத்துச் செய்ய நேரமில்லை. மூடி போட்ட தூக்குச்சட்டிக்குள் கருவிகளை வைத்துக்கொண்டு அவளோடு படகேறினேன். தீவுக் கரண்டை நம்பாமல், படகில் விளக்குக்கு வைத்திருந்த பேட்டரியைக் கழற்றி வரச்சொல்லி அதிலிருந்தே ரவுட்டருக்கு ஒயர் இழுத்தேன். மடிக்கணினியும் அதன் சொந்த பேட்டரியில்தான் ஓடியது. இந்த முறை நகல் எடுத்தேன். பூட்லோடரை மாற்றி, ஃபர்ம்வேரை ஏற்றி, கம்பத்தைக் கட்டி முடிக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

திரையில் ஒரு மனிதனின் நெற்றி தெரிந்தது, பிறகு முழு முகம். அஞ்சலை முந்தானையால் போனை ஒருமுறை துடைத்தாள், அழுக்கு போனில் இல்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். அவன்தான் "இன்னாமே, கேக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டான். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது: "இன்னாயா இப்டி எளச்சிப் போயிட்ட? கொரல்ல நீ நல்லா குண்டா இருந்தியே."

எழுதியவர்கள் யார்

கூடையில் மீன் விற்கும் குப்பம்மா, தன் வீட்டுப் பெட்டிக்குக் காத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். திரையில் வரிவரியாக எழுத்து ஓடுவதைப் பார்த்து, "இத்தெல்லாம் நீயா எழுதுன?" என்றார். இல்லை, எங்கெங்கோ இருக்கும் நிறையப் பேர் சேர்ந்து எழுதியது, அவர்களில் பாதிப்பேர் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை, சும்மா எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள் என்றேன். இதைக் கேட்கிற எல்லோரையும் போல, இதில் ஏதாவது ஏமாற்று இருக்குமா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவருடைய கவலை வேறாக இருந்தது: "சும்மா ஒக்காந்து எழுதுனா, அவங்க வூட்ல சோறு யாரும்மா ஆக்கறது?"

ஒரே எண், இரண்டு பாய்கள்

அயூப் பாயும் ரஹீம் பாயும் அண்ணன் தம்பி. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு, மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். ஒரே நாளில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஒரே மாதிரிப் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். அன்று கடையில் வேலை அதிகம். அண்ணன் பெட்டியை முடித்துவிட்டு, அதிலிருந்ததை அப்படியே முழுசாக நகலெடுத்துத் தம்பி பெட்டிக்குள் எழுதிவிட்டேன். சீக்கிரம் முடிந்தது என்று சந்தோஷம் வேறு.

ஒவ்வொரு ரவுட்டருக்கும் அதற்கே உரிய ஓர் எண் உண்டு. நான் செய்த வேலையில் தம்பி பெட்டிக்கும் அண்ணன் பெட்டியின் எண்ணே போய்விட்டது. இருவருக்கும் ஒரே கேபிள்காரர். ஒரே எண்ணில் இரண்டு பெட்டி வந்தால் அந்தப் பக்கம் எதற்குப் பதில் சொல்வது என்று குழம்பிவிடும். அண்ணன் வீட்டில் வேலை செய்தால் தம்பி வீட்டில் நிற்கும், தம்பி வீட்டில் வந்தால் அண்ணன் வீட்டில் போகும். சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவன்தான் வேண்டுமென்றே செய்கிறான் என்று இருவருமே நம்பினார்கள். நாலாம் நாள் வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். போடப் போடத்தான், இருவருக்கும் வியாதி ஒன்று, வைத்தியம் பார்த்தவளும் ஒருத்தி என்று தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே வண்டியில் கடைக்கு வந்து இறங்கினார்கள்.

உப்புக்காற்றின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். எங்கள் ஊரில் எல்லாப் பழுதுக்கும் உப்புக்காற்று என்றால் நம்புவார்கள். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. "தப்பு என்னுது பாய். அவசரத்துல ஒரு பெட்டி நம்பரை இன்னொரு பெட்டில எழுதிட்டேன். உங்க ரெண்டு பேர் மேலயும் ஒன்னுமில்ல" என்றேன். தம்பி பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த எண்ணை அயூப் பாய் எனக்குப் படித்துச் சொல்ல, நான் அதை அந்தப் பெட்டியில் திருத்தி எழுதினேன். பத்து நிமிடத்தில் இரண்டும் ஒன்றாக வேலை செய்தன. கிளம்பும்போது அயூப் பாய் வாசலில் நின்று, தம்பி வண்டியைத் திருப்புவதைப் பார்த்தபடி சொன்னார்: "மூணு வருசங் கழிச்சி இப்பதான் பேச ஆரம்பிச்சோம் தங்கச்சி. இத்தயும் நீ சரி பண்ணிட்ட. இனிமே எத்த வச்சிப் பேசறது?"

கேட்காதே, தரமாட்டேன்

கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்தவர் ஏழுமலை. அறுபது வயதிருக்கும். பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மருமகளுக்கு வீட்டிலிருந்தே கணினியில் செய்கிற வேலை ஒன்று கிடைத்திருந்தது. புது இணைப்பு கொடுக்க வந்தவர், இந்தப் பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். "புச்சு வாணாம்மா. இத்தயே ஓட வச்சிக் குடு" என்றார். முழுவதும் அழித்து எழுத வேண்டியிருக்கும் என்றேன். உடனே பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். வைஃபைக்குப் பேர் வைத்தவன் அவர் மகன் சதீஷ். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவன் போய் ஒரு வருடம் ஆகிறது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் பாஸ்வேர்டு கேட்டு நச்சரிக்கிறார்கள் என்று, ஆங்கில எழுத்தில் தமிழாகவே 'கேக்காத தரமாட்டேன்' என்று வைத்திருக்கிறான். "கேக்க வர்றவன் பேரைப் பாத்துட்டுத் தானே திரும்பிப் பூடுவான் நைனான்னு சிரிச்சான்" என்றார் ஏழுமலை. கம்பெனி போன பிறகும் அவர் பெட்டியை அணைக்கவே இல்லை. இணையம் வராவிட்டாலும் போனில் அந்தப் பேர் வரும். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த எழுத்துகளின் உருவம் அவருக்குத் தெரியும். தினமும் பார்ப்பாராம்.

அதே பேரை நான் மறுபடி எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். "நீ எழுதுனா அது நீ எழுதுனதுதானம்மா" என்றார். கொஞ்ச நேரம் வேறு வேலை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒன்று தோன்றியது. சிப்பில் இருந்ததை முழுக்க நகலெடுத்தேன். இரண்டாம் தடவையும் எடுத்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டேன். பழைய அமைப்புகளுக்குள் தேடிப்போனால், அவன் அடித்த அந்த வரி அப்படியே இருந்தது. திரையில் அவருக்குக் காட்டினேன். விரலை வைத்துப் பார்த்து, அதுதான் என்றார்.

யுபிஎஸ் பேட்டரி நிறைகிறவரை காத்திருந்து, பூட்லோடரை மாற்றினேன். அந்த அரை நிமிடம் அவர் கண்ணை மூடிக்கொண்டார், நான் மூடவில்லை. புது ஃபர்ம்வேர் ஏறியது. நகலிலிருந்து அந்த வரியைப் பெயர்த்து எடுத்து, உரிய இடத்தில் வைத்தேன். விசையில் ஓர் எழுத்தைக்கூட நான் தட்டவில்லை, அதையும் அவரிடம் சொன்னேன். அவர் தன் போனை எடுத்து வைஃபை பட்டியலைத் திறந்து காத்திருந்தார். கடைத்தெருப் பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் அது வந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெட்டியை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "இன்னமும் தரமாட்டேன்னுதான் சொல்றான்."

'ரவுட்டர் பழுது பார்க்கப்படும்' என்று கடைக்கு முன்னால் பலகை மாட்டியிருக்கிறேன், ஆனால் ரவுட்டரை மட்டும் பழுதாக்கிக்கொண்டு வந்த ஆளை இன்றுவரை நான் பார்த்ததில்லை.