பிரபுவின் கோட்டுக்குள் காவ்தென்சியோ

சுமைகூலி காவ்தென்சியோவை ஓவியர் ஜெர்வாசோ முதன்முதலில் பார்த்தது பெர்கமோ ஊரின் தானியச் சந்தையில். சோளமாவு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவனை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, முதுகைச் சாணால் அளந்தார்.

"அல்பரிகோ பிரபுவோட அளவேதான். நாளைக்கு வா. சும்மா நின்னா போதும்."

தங்களைப் படம் வரையச் சொல்லும் பெரிய மனிதர்கள் முகத்துக்கு மட்டும் இரண்டு தடவை வந்து உட்காருவார்கள். மற்றதற்கெல்லாம் உடுப்பை அனுப்பிவிடுவார்கள். அதை மாட்டிக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். இருபது வருடம் மூட்டை சுமந்த காவ்தென்சியோவுக்கு ஓவிய அறையின் கணப்புச் சூடும் சிவப்பு வெல்வெட் கோட்டும் சொர்க்கமாக இருந்தன. இந்த வேலை மட்டும் நிலைத்துவிட்டால் மூட்டைப் பக்கமே திரும்புவதில்லை என்று முடிவு கட்டிவிட்டான்.

"இன்னிக்கு என்னய்யா வேல பாத்த?" என்றாள் மனைவி ஒர்சோலா.

"நின்னேன்."

"நம்ம கழுதையும்தான் நிக்குது. அதுக்கு யாரும் கோட்டு மாட்டி விடலயே."

ஓவிய அறைச் சன்னலில் முற்பகலில்தான் நல்ல வெளிச்சம் விழும். அந்த நேரத்துக்குள் தோளில் இறங்கும் பொற்சரிகையை ஜெர்வாசோ ஆசை தீரத் தீட்டினார்.

படம் முடிந்து பிரபுவும் சீமாட்டியும் பார்க்க வந்தார்கள். ஒப்பிட்டுக் காட்டுவதற்காக ஓவியர் காவ்தென்சியோவையும் கோட்டோடு பக்கத்தில் நிறுத்தியிருந்தார். படத்தில் முகம் பிரபுவுடையது, கோட்டும் பிரபுவுடையது. இடது தோள் மட்டும் மூட்டைக்கு இடம்கொடுத்துச் சரிந்திருந்தது. சரிகையின் பளபளப்பு அந்தச் சரிவைக் கோடு போட்டுக் காட்டியது.

"என்ன ஓவியரே, நான் என்ன சுமை தூக்குறவனா?" என்றார் பிரபு.

ஜெர்வாசோ காவ்தென்சியோவை முறைத்தார். "உனக்கு நேரா நிக்கத் தெரியாதா?"

"நேராத்தான் நின்னேன் ஐயா. எனக்கு இதுதான் நேர்."

இனி சந்தைதான் என்று அவன் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான். சீமாட்டி படத்தை விட்டு நகரவில்லை.

"பதினோரு வருஷமா இவரப் பாக்குறேன். வீட்டுப் பாரத்துல கொஞ்சமாவது சுமக்கிறவரு மாதிரி இப்பத்தான் தெரியறாரு. ஒரு கோடு மாத்தக் கூடாது."

படம் மாளிகைக் கூடத்தில் ஏறியது. வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பிறகு கீழே விறைத்து நின்ற பிரபுவைப் பார்த்தார்கள். "படத்துல இருக்கறது உங்க அண்ணனா?" என்று பாதிரியார் ஒருவர் அக்கறையாக விசாரித்தார். அன்று சாயங்காலமே காவ்தென்சியோவைத் தேடி மாளிகையிலிருந்து ஆள் வந்தது.

இப்போது காவ்தென்சியோ மாளிகையில் சம்பளத்துக்கு இருக்கிறான். தினமும் முற்பகலில் பிரபுவுக்குப் படத்தில் இருப்பதுபோல் நிற்கக் கற்றுக்கொடுக்கிறான். பிரபுவின் தோள் இன்னும் இறங்கியபாடில்லை. காவ்தென்சியோவும் அவரை அவசரப்படுத்துவதில்லை.