தோல் உறைக்குள் ஒடிந்த பட்டை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு முதலாளியிடம் நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம் அது. ஆனால் முதலாளிக்குக் காரைவிட அதன் முன் ஸ்பிரிங்குகளுக்குப் போட்ட தோல் உறை மீதுதான் பெருமை. பாலாற்று மணல் உள்ளே போகக் கூடாதென்று, தன் கொட்டகையிலேயே பதனிட்ட எருமைத் தோலைத் தைத்து, கிரீஸ் அடைத்து, வாரால் இறுக்கிக் கட்டியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் குனிந்து பார்க்கச் சொல்வார். அதை அவிழ்க்க மட்டும் யாரையும் விடமாட்டார், என்னையும்தான்.

கொஞ்ச நாளாக வண்டி இடது பக்கமாக இழுத்தது. ஸ்பிரிங்கைத் தாங்கும் ஆணிகள் தேய்ந்திருக்கும் என்று நினைத்து, வேலூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கினார். ஆணியைக் கழற்ற வேண்டுமானால் உறையை அவிழ்த்தாக வேண்டும். முதலாளி பக்கத்திலேயே நின்றுகொண்டு, "வாரை அறுக்காத, பாத்து அவுரு" என்று பத்துத் தடவை சொன்னார்.

உறை விலகியது. மெக்கானிக் கிரீஸைத் துணியால் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஸ்பிரிங் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். மேலே உள்ள நீளமான பட்டைதான் சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கிறது. அந்தப் பட்டை இரண்டாக ஒடிந்து கிடந்தது.

"இன்னாண்ணே, இத்த வெச்சிக்கினா ஓட்டிக்கினு இருந்த?" என்றார் மெக்கானிக். "இன்னிக்கி ஒடஞ்சதில்ல. துரு புடிச்சிருக்குது பாரு."

போன வெள்ளிக்கிழமைதான், பிரசவத்துக்கு வந்திருந்த முதலாளியின் மகளையும் அவள் கைக்குழந்தையையும் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தேன். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமென்று விரட்டி வேறு ஓட்டினேன். அந்த இரண்டு உயிரையும் ஒரு தோல் துண்டா இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தது? அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளி குனிந்து பார்த்தார். அலறுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! இரும்பு ஒடஞ்சி போச்சி, எந் தோலு நின்னுச்சி, பாத்தியா?"

ஒடிந்ததைப் பார்த்ததைவிட இதைக் கேட்டுத்தான் நான் அதிர்ந்துபோனேன்.

புதுப் பட்டை மெட்ராஸிலிருந்து வர நாளாகும் என்றார் மெக்கானிக். "வரட்டும். அதுவரிக்கும் உறைய நல்லா இறுக்கிக் கட்டு. இத்தினி நாள் தாங்குச்சி, நாளைக்கிப் பேரணாம்பட்டு போய் வர்றதுக்குத் தாங்காதா?" என்றார் முதலாளி. குழந்தை பிறந்து நாற்பது நாள் கழிந்துவிட்டது. மறுநாள் மகளைப் பேரணாம்பட்டில் புருஷன் வீட்டில் விட வேண்டும். சம்பந்தி வீட்டு வாசலில் காரில் போய் இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"வேணாங்க முதலாளி. ஆத்துல எறங்கி ஏறும்போது சக்கரம் நகந்துட்டா, வண்டி எங்க போவும்னு எனக்கே தெரியாது."

"பயமா இருந்தா சொல்லு. வேற டிரைவரைப் பாத்துக்கறேன்."

எனக்கு வந்த கோபத்தில் சாவியை வீசிவிட்டுப் போயிருப்பேன். நான் போனால் வேறொருவன் ஓட்டுவான், பின்னால் அதே குழந்தை இருக்கும் என்று தோன்றியது. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக உறையைக் கட்டி, வண்டியைக் கீழே இறக்கினார்.

அப்போது ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முதலாளியின் மகள். எத்தனையோ முறை காரில் ஏற்றிப் போயிருக்கிறேன், அந்தக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"அத்தா, நாளைக்கி வரிக்கும் எதுக்கு? இப்பவே புள்ளைய மடியில வெச்சிக்கினு ஆத்து வரைக்கும் போய்ட்டு வாங்க."

திரை விலகாமல், இரண்டு கைகள் மட்டும் குழந்தையை நீட்டின. முதலாளி என்னைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். வீம்புக்காரர். குழந்தையை வாங்கிக்கொண்டு முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

நான் வண்டிக்கு முன்னால் போய், எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினேன். எஞ்சின் பிடித்ததும் வண்டி குலுங்கியது. குழந்தையின் தலை அவர் முழங்கை மேல் ஆடியது. அவர் அவசரமாக அதன் பின்னங்கழுத்தைத் தாங்கிப் பிடித்தார். நான் ஏறி உட்கார்ந்தும் வண்டியை எடுக்கவில்லை. அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் முன் சக்கரம் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"நிறுத்துய்யா."

இறங்கும்போது நான் கை நீட்டியும் குழந்தையைத் தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் மகளும் குழந்தையும் வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில்தான் பேரணாம்பட்டு போனார்கள். முதலாளியும் அதே வண்டியில் ஏறிக்கொண்டார்.

மெட்ராஸிலிருந்து பட்டை வந்து மாட்டி முடித்ததும், மெக்கானிக் பழைய உறையைக் கையில் எடுத்தார். முதலாளி அதை வாங்கித் தூரப் போட்டார்.

"மணல் பூந்தா பூரட்டும். எனக்கு அந்த இரும்பு கண்ணுக்குத் தெரியணும்."