அக்காவுக்கு எத்தனை கட்டை

யுகுலேலேயை நான் வாங்கியது நர்சரிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க. கண்டி டவுனில் ஒரு கடையில், இருக்கிறதிலேயே சின்னதாகப் பார்த்து எடுத்தேன். நாலே நாலு நைலோன் கம்பி. மஹய்யாவ வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அக்கா சிரித்தாள்.

"என்னடி இது, கிட்டார் குட்டி போட்டுருச்சா?"

சிரிப்புக்குச் சத்தம் வரவில்லை. கழுத்தில் இருந்த கட்டியை எடுத்ததிலிருந்து அவள் குரல் கரகரத்து, அடியில் போய்விட்டது.

முன்பெல்லாம் சட்டி கழுவும்போது பாடுவாள், உடுப்புக் காயப்போடும்போது பாடுவாள், எனக்குப் பரீட்சை என்றால் வேண்டுமென்றே பாடுவாள். வாயை மூடு என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்! பாவி நான். இப்போது வீடு கப்சிப்பென்று இருந்தது, என்னால் தாங்க முடியவில்லை. கோயில் பஜனைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

தம்புரா மாதிரி மீட்டிக் கொடுத்தால் திரும்பப் பாடுவாளே என்று நினைத்தேன். கடைக்காரர் வைத்துக்கொடுத்த சுருதியை விட்டுவிட்டு, முறுக்காணிகளைத் திருகி, நாலு கம்பியையும் சா, பா என்ற இரண்டு சுரத்துக்கு மட்டும் கொண்டுவந்தேன். எங்கள் பஜனையில் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். எண் கூடக் கூடச் சுருதி மேலே போகும். ஆம்பிளைக்கு ஒன்று, பொம்பிளைக்கு ஐந்து. அதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நானும் கேட்காமல் ஐந்தில் வைத்தேன்.

அக்கா பாடிப் பார்த்தாள். இரண்டாவது வரி மேலே போனதும் குரல் உடைந்து, இருமல் வந்துவிட்டது.

"போதும்டி, என்னைய விட்டுரு."

மனசு வைத்தால் வராதா என்று நான் திட்டினேன். அவள் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, போஞ்சி நறுக்கிக்கொண்டே அவள் வாய்க்குள் முனகுவது காதில் விழுந்தது. சத்தம் போடாமல் யுகுலேலேயை எடுத்துத் தேடினேன். ஐந்தில் இல்லை. நாலிலும் இல்லை. மூன்றில் வந்து அப்படியே பொருந்தியது. மேல்கம்பியைத் தளர்த்தினால் அது தொளதொளவென்று மரத்தில் அடித்தது. பாவில் இருந்த அடிக்கம்பியைச் சாவுக்கு ஏற்றி முறுக்கும்போது அறுந்துவிடுமோ என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மெதுவாக மீட்டினேன். அக்கா நிமிரவில்லை, கத்தியும் நிற்கவில்லை. ஆனால் முனகல் பாட்டாகிவிட்டது. பழைய குரல் இல்லை, கனமான, சொரசொரப்பான வேறு குரல். எனக்கு அந்தப் பழைய குரல்தான் வேண்டுமாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? இருந்தாலும் போஞ்சி முடியும்வரை மீட்டினேன். பிறகு தினமும் பின்னேரம் நர்சரி விட்டு வந்ததும் மீட்டினேன், அவளும் பாடினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கழுத்துத் தழும்பு தெரியாமல் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தாள். ஆர்மோனியக்காரருக்கு அவளைக் கண்டதும் ஒரே சந்தோஷம்.

"வாங்க, வாங்க! எவ்வளவு நாளாச்சு, ஒண்ணு பாடுங்க!"

சொல்லிக்கொண்டே வழக்கம்போல் ஐந்தில் விரலை வைத்தார். எழுந்து சொல்வதா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அக்கா கழுத்திலிருந்து தலைப்பை எடுத்தாள்.

"அண்ணே, அது பழைய ஆளோட சுருதி," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எனக்கு மூணு குடுங்க."