முந்நூறு கிராமுக்கு மேல்

அடைக்கலசாமி போன ஜனவரியில் இறந்தார். வயது எழுபத்தொன்று. தஞ்சாவூர் கீழவாசலில் இருபத்திரண்டு வருடம் கூரியர் ஏஜென்சி நடத்தியவர். அத்தனை வருடத்தில் பெரிய தப்பு என்று அவர் ஒப்புக்கொண்டது ஒன்றைத்தான். அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அதில் ஜன்னத் பீவி என்ற வாடிக்கையாளரின் பெயர் வரும் இடத்தில் மட்டும் சிரிப்பு நின்றுவிடும்.

கூரியருக்கு வருமுன் அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். பருவ வேலை. தராசு என்ன சொல்கிறதோ அதுதான் அங்கே தீர்ப்பு. விவசாயியும் பேச முடியாது, அதிகாரியும் பேச முடியாது. தொண்ணூற்று மூன்றில் அந்த வேலையை விட்டார். அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு போய்க்கொண்டிருந்த நேரம். விசா, ஒப்பந்தம், மெடிக்கல் சான்று, பாஸ்போர்ட் என்று தாள்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு டிவிஎஸ் 50 வாங்கி அந்தத் தாள்களுக்குப் பின்னால் அவரும் ஓடினார்.

கடிதம் சுமக்கும் உரிமை தபால் துறைக்கு மட்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதனால் கூரியர் ரசீதில் யாரும் கடிதம் என்று எழுதுவதில்லை. டாக்குமெண்ட் என்று எழுதுவார்கள். அரசாங்கமும் கண்டுகொள்ளவில்லை. அடைக்கலசாமிக்கு மட்டும் அது உறுத்தும். கவரை ஒட்டுமுன், “உள்ள கடுதாசி ஏதும் இல்லையே?” என்று கேட்பார். பதில் வருமுன் பசை டப்பாவைத் தேடப் போய்விடுவார்.

இரண்டாயிரத்து ஆறில் ஒருநாள் பேப்பரில் செய்தி வந்தது. தனியார் கூரியர்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். முந்நூறு கிராமுக்குக் குறைந்த கடிதங்களை அவர்கள் தொடக் கூடாது. இப்படி ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவர அரசு யோசிக்கிறது என்பதுதான் செய்தி. யோசிக்கிறது என்ற சொல் கடைசி வரியில் இருந்தது. அதுவரை அவர் படிக்கவில்லை.

அவர் கடைக்கு வரும் கவர்களில் பத்துக்கு ஒன்பது நூறு கிராமைத் தாண்டாது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மச்சானின் வயலிலிருந்து ஒரு மூட்டை குறுவை நெல் வந்து இறங்கியது. பாலித்தீன் பையில் கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக நெல்லை அளந்து கட்டி, கவருக்குள் வைத்து ஒட்டினார். தராசில் வைத்தார். முந்நூற்றுப் பத்து.

மனைவி ஃபிளோரா வாசலிலிருந்து பார்த்தாள்.

“என்னங்க இது, பாஸ்போர்ட்டுக்குப் பசிக்குமா?”

“சட்டம்டி. முந்நூறுக்கு மேல இருந்தா நம்ம தொடலாம்.”

“யாரு சொன்னது?”

“பேப்பர்ல போட்ருக்கான்.”

“பேப்பர்ல நெல்லு வைக்கச் சொன்னானா?”

“எடைதான் கேக்குறான். என்ன எடைன்னு கேக்கல.”

மகள் விண்ணரசி அப்போது கோயம்புத்தூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது நெல்லைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

திங்கட்கிழமை சக்கராப்பள்ளியிலிருந்து ஜன்னத் பீவி வந்தார். மூத்த மகன் அஹமது கபீருக்கு ரியாத்தில் வேலை. பாஸ்போர்ட் வியாழன் மாலைக்குள் சென்னை மண்ணடியில் ஏஜெண்ட் கைக்குப் போக வேண்டும். அன்று இரவு ரயிலில் ஏஜெண்டின் ஆள் மொத்தமாக எடுத்துக்கொண்டு விசா குத்த பம்பாய் போகிறார். தவறினால் அந்த இடம் வேறொருவனுக்கு.

“நாளன்னிக்குப் போயிரும்மா. நான் பொறுப்பு,” என்றார் அடைக்கலசாமி. பாஸ்போர்ட்டோடு நெல்லும் போனது.

புதன்கிழமை காலை திருச்சியிலிருந்து வந்த வேன், அவர் அனுப்பிய சாக்கை அப்படியே திருப்பி இறக்கியது. உள்ளே நெல் பைகள் கிழிந்து கிடந்தன. திருச்சி கிட்டங்கிப் பொறுப்பாளர் டேவிட்சன் போனில் கத்தினார்.

“என்னங்க அடைக்கலம், வெதை நெல்லு அனுப்புறீங்களா? கவர் ஓடுற பெல்ட்டு பூரா நெல்லு. மத்த ஊரு கவரையெல்லாம் தட்டித் தட்டி எடுத்தோம்.”

“முந்நூறு கிராம் சட்டம் வந்துருச்சே சார்.”

“எந்தச் சட்டம்? அது இன்னும் பார்லிமெண்ட்டுக்கே போகலய்யா! வந்தா நாங்க சொல்ல மாட்டோமா?”

அடைக்கலசாமி மண்ணடிக் கவரைத் தேடி எடுத்தார். பாஸ்போர்ட்டின் பக்கங்களுக்கிடையே உமி. மாலை வேனில் ஏற்றினால் வெள்ளிக்கிழமைதான் மண்ணடி. மணி பதினொன்று பத்து. பெரிய தபாலாபீஸில் ஸ்பீட் போஸ்ட் பை பன்னிரண்டுக்குக் கட்டுவார்கள்.

பதின்மூன்று வருடத்தில் அவர் அந்தக் கவுண்டர் வரிசையில் நின்றதில்லை. அவருக்கு முன்னால் ஆறு பேர். கவுண்டரில் சிங்காரவேலு. நாகப்பட்டினத்துக்காரர், டீக்கடையில் பார்க்கும்போதெல்லாம் கூரியரைக் கிண்டல் செய்பவர்.

“வாங்க வாங்க, தனியார் துறை! வழி தவறி வந்துட்டீங்களா?”

“அவசரம் சிங்காரவேலு. நாளைக்கு மண்ணடி போய்ச் சேரணும்.”

“ஏன், உங்க வண்டி என்னாச்சு? பஞ்சரா?”

வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அடைக்கலசாமி நடந்ததைச் சொன்னார். நெல்லையும் சேர்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி. சிங்காரவேலு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். கவரை வாங்கி மண்ணடி ஏஜெண்டின் முகவரியைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

“சவுதிப் பயணமா?”

“மூத்த பையன். தகப்பன் இல்ல.”

சிங்காரவேலு கவரைத் தராசில் வைத்தார். “அறுபத்தி ரெண்டு. இதுக்குப் போயி இவ்வளவு பாடா?” ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு எழுந்தார். பின்னால் ஊழியர் வாய் கட்டிக்கொண்டிருந்த பையைப் பிரிக்கச் சொல்லி, கவரைத் தன் கையாலேயே போட்டார். “போயிரும். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். நான் என்ன கூரியரா?”

வியாழன் முழுக்க அடைக்கலசாமி போனை விட்டு நகரவில்லை. மதியச் சாப்பாட்டை ஃபிளோரா கடைக்கே கொண்டுவந்தாள்; தட்டு அப்படியே இருந்தது. மூன்று நாற்பதுக்கு மண்ணடியிலிருந்து பேசினார்கள். வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு சக்கராப்பள்ளிக்குப் போனார். ஜன்னத் பீவி வீட்டு முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“பாஸ்போர்ட் போய்ச் சேந்துருச்சும்மா. ஆனா என் கூரியர்ல போகல. தபால்ல போச்சு.” ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நின்றுகொண்டேதான் சொன்னார்.

ஜன்னத் பீவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“நேத்தே தெரியுமா அண்ணே?”

“தெரியும்மா.”

“நேத்தே ஏன் சொல்லல?”

“போயிருமா போகாதான்னு எனக்கே தெரியல. பயந்துட்டேன்.”

“போகலன்னா?”

ஜன்னத் பீவி அவரையே பார்த்தார். கோபம் இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை.

“எம் மவன் வாழ்க்கையில போயி நெல்ல அளந்திருக்கீங்க.”

“ஆமாம்மா.”

ஜன்னத் பீவி உள்ளே போனார். தன்னைப் போகச் சொல்கிறாரா, நிற்கச் சொல்கிறாரா என்று தெரியாமல் அடைக்கலசாமி வண்டிச் சாவியைப் பிடித்தபடி நின்றார். ஜன்னத் பீவி ஒரு நீளமான கவரோடு திரும்பி வந்தார்.

“எளையவனோட மெடிக்கல் பேப்பரு. திங்கக்கிழம மண்ணடியில இருக்கணும்.”

“தபால்லயா, கூரியர்லயா?”

“அது எனக்குத் தெரியாது. போய்ச் சேரணும். எதுல போடணுமோ நீங்க பாத்துப் போடுங்க.”