மாமாவின் பெயர் ஒட்டிய டிவிடி

எங்கள் அக்கா கல்யாணத்தில் நடந்த ஒரே குற்றம், கால் அங்குலக் குற்றம். அதைச் செய்தவர் அப்பா. அதற்குப் பரிகாரம் செய்யப் புறப்பட்டு, காரியத்தை ஏறக்குறைய கெடுத்தவன் நான்.

அப்பாவுக்குத் திருத்தங்கலில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் கட்டிங் மெஷின் வேலை. பட்டாசுப் பெட்டி லேபிள்களை ஐந்நூறு ஐந்நூறாக அடுக்கி, ஒரே வெட்டில் ஓரம் நறுக்கித் தள்ளுவார். ஒரு தாளை இரண்டு விரலால் தடவியே அது எவ்வளவு கனம் என்று சொல்லிவிடுவார். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார். நாங்கள் கட்டியே பார்த்திருக்கிறோம். அப்பேர்ப்பட்ட மனிதர் அக்காவின் கல்யாணப் பத்திரிகைக் கட்டை மெஷினில் வைத்தபோது மட்டும் அளவு தவறிவிட்டார். ஆவணி மாதம், தீபாவளி சீசன், கம்பெனிக்காரர்கள் லேபிளுக்கு வாசலிலேயே நிற்கிறார்கள். அந்த அவசரத்தில் கால் அங்குலம் உள்ளே தள்ளி வெட்டியதில், பத்திரிகையின் கடைசி வரி குப்பைக்குப் போய்விட்டது. கடைசி வரியில் இருந்தது மல்லாங்கிணறு மாமாவின் பெயர். அப்பாவுடைய அக்காவின் வீட்டுக்காரர்.

பத்திரிகை வைக்கப் போன இடத்தில்தான் விஷயமே தெரிந்தது. மாமா பத்திரிகையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். பேசியது அத்தைதான்.

“ஊர்ல உள்ளவுக பேரெல்லாம் இருக்கு. எங்க வீட்டுக்காரக பேரு மட்டும்தான் உன் பிளேடுக்கு அம்புட்டுச்சாக்கும்?”

வேறு அடித்துத் தருவதாக அப்பா கெஞ்சினார். “ஒண்ணும் வேண்டாம். வெட்டின பேர திருப்பி ஒட்ட இதென்ன பட்டாசுப் பெட்டியா?” என்று அத்தை உள்ளே போய்விட்டாள். கல்யாணத்துக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு குஞ்சும் வரவில்லை.

பத்து மாதம் பேச்சு வார்த்தை கிடையாது. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் மல்லாங்கிணறு பஸ் நின்றால் அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பஸ் என்ன பாவம் செய்தது என்று நான் ஒருமுறை கேட்டுவைத்து, தலையில் குட்டு வாங்கினேன்.

பிறகு ஒரு காதுகுத்து வீட்டில் அம்மாவும் அத்தையும் ஒரே பந்தியில் உட்கார நேர்ந்தது. அத்தை அம்மாவைப் பார்க்காமல், இலையில் இருந்த அப்பளத்திடம் சொல்வதுபோலச் சொன்னாளாம்: “தூக்கி வளத்த புள்ள. மணக்கோலத்த டிவிலயாச்சும் பாக்கக் குடுத்துவைக்கல.”

அம்மா அந்த வார்த்தையைச் சிந்தாமல் சிதறாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் ஒப்படைத்தாள். அப்பா அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

ஆனால் கல்யாணப் படம் இருந்த இடம் அச்சகத்தின் கம்ப்யூட்டர். சித்தப்பா யாரிடமோ இரவல் வாங்கிய கேமராவில் எடுத்து, பத்தொன்பது துண்டுகளாக அதில் ஏற்றி வைத்திருந்தார். அத்தை வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. டிவியும், பூப்போட்ட துணி போர்த்திய ஒரு டிவிடி பிளேயரும்தான்.

“நான் டிவிடியாக்கித் தாரேன்” என்றேன்.

எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் நான் அதுவரை சாதித்தது ஒரு வட்டம் வரைந்து அதற்குள் சிவப்பு வண்ணம் ஊற்றியது. அது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது என்பதுதான் என் பலம்.

அச்சகத்துக்குப் போய், பத்தொன்பது துண்டுகளையும் அப்படியே ஒரு காலி டிவிடியில் ஏற்றினேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ராக்கெட் விட்ட விஞ்ஞானிபோல வீட்டுக்கு வந்தேன். எங்கள் பிளேயர் அதை விழுங்கி, சற்று முனகி, ‘நோ டிஸ்க்’, அதாவது இது தட்டே இல்லை என்று டிவியில் எழுதிக் காட்டிவிட்டுத் துப்பியது. அப்பாவின் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அச்சகத்தில் லேபிள் வரைகிற டிசைனர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏலே கிறுக்கா, இது என்ன புரோட்டா பார்சலா, அப்படியே கட்டிக் கொடுக்க? கம்ப்யூட்டருக்குப் புரியறது பிளேயருக்குப் புரியாதுலே. அதுக்குத் தக்கன மாத்தி எழுதணும்.”

மாற்றி எழுதும் ஒரு மென்பொருளை அவரே இறக்கிக் கொடுத்தார். நான் துண்டுகளைச் சேர்த்துப் பொத்தானை அமுக்கினேன். ஒன்று, இரண்டு என்று சதவீதம் நகர்ந்ததைப் பார்த்தால், எங்கள் ஊர்த் தேர் எவ்வளவோ தேவலை. தொண்ணூற்று இரண்டில் கரண்ட் போனது. அந்தக் காலத்தில் கரண்ட் வருவதுதான் செய்தி. திரும்ப முதலிலிருந்து. மூன்றாவது நாள் நூறு வந்தது. ஓட்டிப் பார்த்தோம். படம் ஓடியது. ஆனால் மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன்பே பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றாம் துண்டுக்கு அடுத்துப் பத்தாம் துண்டை வைத்திருந்தது கம்ப்யூட்டர். எனக்கே கணக்கு வராது. அதற்கும் வராது போலிருக்கிறது, நம்பி ஒப்படைத்தது என் தப்பு. வரிசையைச் சரிபண்ணி, மறுபடி தேர் இழுத்து, ஒருவழியாக நல்ல தட்டு ஒன்று கைக்கு வந்தது.

அப்போதுதான் அப்பா வாய் திறந்தார். “மேல ஒரு லேபிள் ஒட்டணும்.”

எங்கள் ஊரிலிருந்து ஊசிவெடிகூட லேபிள் இல்லாமல் வெளியே போகாது. அதனால் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. என்ன போட வேண்டும் என்று டிசைனர் அண்ணன் கேட்டார். அப்பா ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே, முன்னெழுத்தோடு மாமாவின் பெயர் மட்டும். வேறு யாரும் இல்லை. மாப்பிள்ளை பெண் பெயர்கூட இல்லை.

தாள் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு. ஏதோ ஒரு புஸ்வாணப் பெட்டிக்கு வந்து மிஞ்சிப்போன தாள், தங்க நிறத்தில் தகதகவென்று, அட்டைபோலத் தடியாகக் கிடந்தது. அதைத்தான் எடுத்தேன். அப்பா வாங்கி விரலால் தடவினார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. பெயர் அச்சானதும் அவரே வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, அவரே பசை தடவி ஒட்டினார். இந்தத் தடவை ஒரு மயிரிழைகூட உள்ளே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா, அம்மா, நான் மூவரும் மல்லாங்கிணற்றில் இறங்கினோம். “வாங்க” என்றாள் அத்தை. மாமா வாசற்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்றார். எப்போது வேண்டுமானாலும் மாட்டைப் பார்க்கப் போக வசதியான இடம் அது. அப்பா பையிலிருந்து டிவிடியை எடுத்து, மாமாவை நோக்கி ஓரடி வைத்தார். எனக்குப் பொறுக்குமா? நான் செய்த டிவிடி! “ஏலே, பொறு” என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் பிடுங்கி, பிளேயருக்குள் தள்ளிவிட்டேன்.

படம் வந்தது. அக்கா வந்தாள். அத்தை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். ஐயர் தேங்காயை நீட்டினார், எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். பிளேயருக்குள் ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம். மாப்பிள்ளை தாலியை நீட்டியபடியே உறைந்து நின்றுவிட்டார். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை.

பொத்தானை அமுக்கினேன், திறக்கவில்லை. தட்டினேன், திறக்கவில்லை. பெட்டி சூடேறி, தடித்த லேபிளின் ஓரம் எழும்பி, உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டுவிட்டது. பத்து மாதச் சண்டையில் இப்போது ஒரு டிவிடி பிளேயரும் சேர்ந்துவிட்டது.

“பொண்ணு கழுத்துல தாலி ஏறலயே” என்றாள் அத்தை, நிஜக் கல்யாணம் நின்றுபோனதுபோல.

மாமா வாசற்படியை விட்டு உள்ளே வந்தார். மோட்டார் ரிப்பேருக்கு வைத்திருந்த திருப்புளியை எடுத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிளேயரை மடியில் வைத்துத் திருகினார். மூன்றாவது திருகு சுற்றிக்கொண்டே இருந்தது.

“மாப்ள, இந்த மூலைய அமுக்கிப் பிடிங்க.”

அப்பா மண்டியிட்டு அமுக்கினார். பத்து மாதத்துக்குப் பிறகு அவர்களுக்கு இடையே நடந்த முதல் பேச்சு அதுதான்.

மூடி கழன்றது. உள்ளே தங்கத் தகட்டில் மாமாவின் பெயர் தகதகத்தது. மாமா வாசித்தார். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர் அல்ல. ஆனாலும் ரொம்ப நேரம் வாசித்தார். நான்தான், “லேபிளக் கிழிச்சுட்டா ஓடிரும் மாமா” என்று என் தொழில்நுட்ப ஆலோசனையை வழங்கினேன்.

“யார்லே கிழிக்கது?” என்று பாய்ந்தாள் அத்தை. “ஏங்க, பேரு கிழியாம எடுங்க. தேங்காயெண்ணெய் கொண்டாரேன்.”

மாமா எண்ணெய் தொட்டுத் தொட்டு உரித்தார். அப்பா தட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு எழுத்தும் சேதமில்லாமல் லேபிள் வந்தது. துடைத்துப் போட்ட டிவிடி சமர்த்தாக ஓடியது; மாப்பிள்ளைக்கும் கை வலித்திருக்கும், சட்டென்று தாலியைக் கட்டினார். அத்தை அழுதாள். அம்மாவும் அழுதாள். பிறகு சேவல் ஒன்று அறுபட்டது.

“ஏன் தம்பி இப்படி இளைச்சுக் கிடக்க? நல்லாச் சாப்பிடு” என்று அத்தை அப்பாவின் இலையிலேயே குறியாக இருந்தாள். நாங்கள் புறப்படும்போது, டிவிடி டிவி மேல் கேட்பாரற்றுக் கிடந்தது. லேபிள் பீரோக் கதவில், சாமி படத்துக்குப் பக்கத்தில், சுற்றிலும் ஓரம் அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அப்பா வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். எனக்கு அடி விழாததில் பெரிய நிம்மதி. கூடவே ஒரு மனக்குறை. நாள்கணக்கில் தேரிழுத்துச் செய்த டிவிடியை விட்டுவிட்டு, அது ஓடாமல் போகக் காரணமான லேபிளைப் போய் இப்படிக் கொண்டாடுகிறார்களே, பெரியவர்களுக்கு டெக்னாலஜியின் அருமை தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். கண்ணைக் கட்டினாலும் தாளின் கனம் சொல்லும் மனிதர் அந்தத் தங்கத் தாளை மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தடி டிவிடிக்கு ஆகாது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.