சீமெந்துச் சரிவில் எழுந்து நின்ற ரஞ்சிதம்

ரஞ்சிதம் போய்விட்டாள். சற்று முன்னர்தான் முள்ளியவளையிலிருந்து அவளுடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள்.

காலையில் ஒருவர் கையையும் பிடிக்காமல் வீட்டுப் படி இறங்கியிருக்கிறாள். முற்றத்து மண்ணில் நாலடி வைத்ததும் விழுந்தவள்தான்... பிறகு எழும்பவில்லை.

உங்களில் பலருக்கு அவள் கணக்கு ரீச்சர். அவளிடம் காது முறுக்கு வாங்கியவர்களே என் நட்புப் பட்டியலில் பத்துப் பேராவது இருப்பீர்கள்.

எனக்கு அவள் பக்கத்துக் காணி ரஞ்சி. பதின்மூன்று வயதில் ஸ்கேட்போர்ட் ஓடியவள்.

ஆம், அறுபதுகளில். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில், எங்கள் குடியேற்றத் திட்டத்தில். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

அந்தச் சொல்லெல்லாம் எங்களுக்குத் தெரியாது. 'பலகை' என்போம், அவ்வளவுதான்.

எங்கள் மாட்டுக் கொட்டிலில் கழற்றிய முதிரைப் பலகை. அதற்காக அப்பாவிடம் நான் வாங்கிய அடி தனிக்கதை.

சில்லுக்கு நாலு பழைய பெயரிங், லொறிச் சில்லுக்குள் சுழலுகிற இரும்பு வளையங்கள். எங்கள் வகுப்பு நசீர் கொண்டுவந்தான். அவனுடைய வாப்பா லொறியில் நெல் ஏற்றுகிறவர்.

ஆனால் ஓட இடமில்லை. ஊர் முழுக்கக் கிறவல் றோட்டு, பெயரிங் இரண்டு முழம்கூட உருளாது. பள்ளிக்கூட விறாந்தையில் குந்தியிருந்து ஓடிப் பார்த்து ஏச்சு வாங்கியதோடு சரி.

இடம் கண்டுபிடித்தது ரஞ்சி. குளக்கட்டிலிருந்து வயலுக்கு வண்டில் இறங்கிய பழைய பாதை, யாரும் பாவிக்காதது.

"இதை மெழுகினால் சரி" என்றாள், குசினி நிலத்தை மெழுகுவது மாதிரி.

வாய்க்கால் கட்டிக்கொண்டிருந்த ஓவசியரிடம் போய், கிழிந்த பைகளில் மிஞ்சிய சீமெந்தைக் கேட்டு வாங்கினதும் அவள்தான். நானும் நசீரும் மரத்துக்குப் பின்னால் நின்றோம்.

மேசன் கரண்டிக்கு எங்கே போவது... தட்டையான என் சாப்பாட்டுக் கோப்பையின் அடிப்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்துச் சரிவை வழவழப்பாக்கினோம். பிறகு கன நாளைக்கு என் சோற்றில் சீமெந்து மணந்தது.

வைக்கோலால் மூடி, ஒரு கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம் போகுமுன் தண்ணீர் ஊற்றினோம். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். அது காலபோக அறுவடை முடிந்த மாசி மாதம் என்பதை மட்டும் மூன்று பேரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை வைக்கோலை ஒதுக்கிவிட்டுப் பலகை எடுக்க வீட்டுக்குப் போனோம். திரும்பி வந்தால்... சரிவு முழுக்கப் புழுங்கல் நெல்.

நடுவில் அயல்வீட்டுச் செல்லம்மாக்கா, காகம் கலைத்துக்கொண்டு. "ஆர் பிள்ளையள் இதைக் கட்டினது? நீங்களோ? நல்லாயிருப்பியள்."

வழவழப்பான சீமெந்தைக் கண்டால் எங்கள் ஊரில் வேறு என்ன செய்வார்கள். நானும் நசீரும் திரும்பி நடந்தோம். நெல்லுக்கு எதிராக யார் கதைப்பது?

ரஞ்சி கதைத்தாள்.

"அக்கா, இது நாங்கள் பலகை ஓடுறதுக்குக் கட்டினது."

"விழுந்து கால் முறிஞ்சால் கொம்மாவுக்கு ஆரடி பதில் சொல்லுறது?"

"நிண்டுகொண்டு சரிவின்ரை அடிமட்டும் போய்க் காட்டுறன். விழாட்டில் காலமை உங்களுக்கு, மூண்டு மணிக்குப் பிறகு எங்களுக்கு. விழுந்தால் முழுக்க நீங்களே வைச்சிருங்கோ."

நின்றுகொண்டா... அதுவரை ஒருவரும் பலகையில் எழுந்து நின்றதே இல்லை. ஒரு கிழமை உழைப்பை ஒரே ஓட்டத்தில் தொலைக்கப் போகிறாள் என்று கோபம்கூட வந்தது.

செல்லம்மாக்கா சிரித்துக்கொண்டே நெல்லை ஒதுக்கினா. மிஞ்சிய மணிகளை ரஞ்சி தானே கூட்டித் துடைத்தாள். பாவாடையை இழுத்துச் செருகினாள். ஏறி நின்றாள்.

தகப்பனுடைய மாட்டுவண்டிலை நின்றபடி ஓட்டிப் பழகியவள் அவள். அதே மாதிரி முழங்காலைக் கொஞ்சம் மடித்துக்கொண்டு, கடகடவென்று எங்களைத் தாண்டிப் போனாள்.

சீமெந்து முடிந்த இடத்தில் பலகை மண்ணில் குத்தி நின்றது. ரஞ்சி நிற்கவில்லை. நாலு எட்டு ஓடி, குப்புற விழுந்தாள்.

போச்சு என்றான் நசீர்.

செல்லம்மாக்கா இறங்கிப் போனா. ரஞ்சியைத் தூக்கி நிறுத்தி, முகத்து மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தா. பிறகு சரிவையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்தா.

"பிள்ளை சீமெந்திலை விழேல்லை. அது முடிஞ்சாப் பிறகு மண்ணிலைதான் விழுந்தது. மூண்டு மணிக்கு வாங்கோ, அள்ளிவிடுறன்."

சொன்ன சொல் தவறவில்லை. அந்த வருடம் தூரத்து ஊரான தண்ணீரூற்றிலிருந்துகூடப் பெடியன்கள் சைக்கிளில் பலகை கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் நிற்கப் பழக்கியது ரஞ்சி.

போன வருடம் ரொறன்ரோவிலிருந்து அவளுடன் கதைத்தபோது, என் பேரன் ஸ்கேட் பார்க் போவதைச் சொன்னேன். ஹெல்மெட், முழங்கால் கவசம், எல்லாம் போட்டுக்கொண்டு.

"நிண்டுகொண்டோ ஓடுறான்?"

"ஓம்."

"அப்ப சரி. எங்கடை சரிவிலை ஒரு துண்டு இன்னும் கிடக்குது. போன கிழமையும் ஆரோ நெல்லுக் காயப்போட்டிருந்தவை."

அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு...

பேரனிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், உன்னுடைய பார்க்கை யாரோ கட்டித் தந்தார்கள், நாங்கள் எங்களுடையதைச் சாப்பாட்டுக் கோப்பையால் கட்டினோம் என்று. முதலில் எழுந்து நின்றது யார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

நசீர், புத்தளத்தில் இருந்து இதை வாசித்தால் போன் எடு. எனக்கு உன்னோடு கதைக்க வேண்டும்.

மகள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். படியில் விழவில்லையாம். அது முடிந்த பிறகு, மண்ணில்தானாம்.

மூன்று மணியாகிவிட்டது, ரஞ்சி. நெல்லை அள்ளிவிட்டார்கள். நீ ஓடு.