மார்லா எந்த வார்டு?

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் ஏற்றுமதி அலுவலகத்தில் ஹெப்சிக்கு வேலை. இத்தாலிக்காரன் ஒரு சாம்பிளைத் திருப்பி அனுப்பினால், அவனைச் சமாதானப்படுத்தும் மெயிலை எழுதுவது அவள்தான். பகல் முழுக்கப் பேச்சு. சாயங்காலம் வீட்டுப் பூட்டைத் திறந்துவிட்டால் பேச ஆள் கிடையாது. அம்மாவின் அடக்கத்துக்கு வந்த கூட்டம் கலைந்த பிறகு அந்த வீட்டுக்குள் வந்தவர் சிலிண்டர் போடுகிறவர் மட்டும். வயது முப்பத்தாறு. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களும் ஓய்ந்துவிட்டார்கள்.

2008இல் வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கினாள். அலுவலக வேலைக்கு என்றுதான் வாங்கினாள். ஒரு மாலை, யாரோ சொல்லக் கேட்டிருந்த இணைய உலகம் ஒன்றுக்குள் நுழைந்து பார்த்தாள். அங்கே நமக்கென்று ஓர் உருவம் எடுத்து, பெயர் வைத்து, நடமாட விடலாம். எதிரே வரும் உருவத்துக்குப் பின்னால் எங்கோ ஓர் ஊரில் நிஜ மனிதர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆங்கிலத்தில் எழுத்தடித்துப் பேசிக்கொள்ளலாம். ஹெப்சி தன் உருவத்துக்கு லில்லி என்று பெயர் வைத்தாள்.

எல்லாரும் அங்கே இருபது வயதுக்காரர்களாகவே திரிந்தார்கள். ஒருத்தி மட்டும் நரைத்த தலையோடு கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெயர் மார்லா. தொழில் பழக்கத்தில் ஹெப்சியின் கண் அவள் காலுக்குப் போனது.

"உங்கள் ஷூவில் தையலே இல்லையே, எப்படிப் பிய்யாமல் இருக்கிறது?"

"இங்கே இதைக் கேட்ட முதல் ஆள் நீதான்" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அந்த பெஞ்ச் இருவருக்குமானது.

சமைத்தது, மழை, முட்டிவலி, தூக்கம் வராதது எல்லாம் பேசினார்கள். அம்மாவின் கடைசி நாட்களை ஹெப்சி யாரிடமும் சொன்னதில்லை. மார்லாவிடம் சொன்னாள். எழுத்தடிக்க முடியாமல் அழுதபோது, "இங்கேயே இருக்கிறேன், மெதுவாகச் சொல்" என்று மார்லா காத்திருந்தாள். ஒருமுறை, "உன் நிஜப் பெயர் என்ன?" என்று கேட்டாள். "லில்லியே போதும்" என்றாள் ஹெப்சி. ஆம்பூர் சின்ன ஊர், பேச்சு எப்படியாவது திரும்பி வந்துவிடும் என்ற பயம். மார்லா மறுபடி கேட்கவில்லை. தன்னுடையதையும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள், வயிற்றில் ஆபரேஷன், ஒரு வாரத்தில் வந்துவிடுவேன் என்று மார்லா எழுதினாள். வாரம் போனது, மாதமும் போனது. பெஞ்ச் காலியாகவே கிடந்தது.

ஒரு ஞாயிறு சர்ச்சில், ஆராதனைக்கு முன்னால் ஹெப்சி ஆயரிடம் போய், "என் ஃப்ரெண்ட் மார்லாவுக்கு ஆபரேஷன், ஜெபத்துல சேத்துக்குங்க ஐயா" என்றாள். அவரும் பெயர் சொல்லி ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது.

ஒன்றை அவள் யோசிக்கவில்லை. அந்தச் சபையில் ஜெபத்தில் ஒரு பெயர் வந்தால், அந்த வாரமே பெண்கள் ஐக்கியம் நோயாளியைப் பார்க்கக் கிளம்பிவிடும். வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டவர் ஜெபகனி. வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

"மார்லா எந்த வார்டு?"

"வேலூர்ல இல்ல சிஸ்டர்."

"மெட்ராஸா?"

"ஃபாரின்."

"ஃபாரின்ல எங்க?"

"தெரியாது சிஸ்டர்." பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட டீச்சர் ஃபீபி விடவில்லை. "இன்னா ஹெப்சி, ஊர் கூட தெரியாத தோஸ்தா?"

"கம்ப்யூட்டர்ல பழக்கம் டீச்சர்."

"மூஞ்சியாவது பாத்திருக்கியா?"

"இல்ல. பொம்மை மாதிரி ஒரு உருவம் இருக்கும். பேரும் அங்க வெச்சிக்கிட்டதுதான்."

"அப்போ பொம்மைக்கா எல்லாரும் ஆமென் சொன்னோம்?"

நாலு பேர் சிரித்தார்கள். ஹெப்சி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று கம்ப்யூட்டரைப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. மார்லா என்று ஒருத்தி இல்லவே இல்லையென்றால், இத்தனை மாதமும் யாரிடம் அழுதோம்?

செவ்வாய் சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். ஜெபகனி நின்றிருந்தார். கையில் பிரெட் பாக்கெட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலும்.

"பேர் சொல்லி ஜெபம் பண்ணியாச்சு, போய்ப் பாக்காம இருக்கக் கூடாது. மத்தவங்க யாரும் வரல. எங்க, காட்டு."

ஹெப்சி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். திரையில் கடல் மெல்ல உருவானது. லில்லியை மணலில் நடத்திக்கொண்டு போனாள்.

"இது யாரு, நீயா? இடுப்பு ரொம்பக் கம்மியா வெச்சிருக்கியே."

"எல்லாரும் அப்படித்தான் வெச்சிக்கிறாங்க சிஸ்டர். அவங்க இங்கதான் உக்காருவாங்க."

ஜெபகனி காலி பெஞ்சைப் பார்த்தார். "காலி பெட்டு பக்கத்துல நின்னு எவ்ளோ ஜெபம் பண்ணியிருக்கேன்" என்றபடி முந்தானையைத் தலைக்குப் போட்டார். சின்ன ஜெபம்தான். இந்த மகளை நீர் அறிவீர், நாங்கள் அறியோம் என்று அதில் ஒரு வரி வந்தது.

கண்ணைத் திறந்ததும் கேட்டார். "அவங்க ஊர்லயும் ஒரு சர்ச் இருக்கும் இல்ல? உனக்கு ஒன்னுன்னா, அங்க போயி இன்னா பேர் சொல்லி ஜெபம் கேப்பாங்க?"

"லில்லி."

ஹெப்சி டீ போட்டுக் கொடுத்தாள். ஜெபகனி அதைக் குடித்துவிட்டு எழுந்தார். "பிரெட்ட நீயே சாப்டு, கெட்டுப் போய்டும்" என்று வாசலில் நின்று சொன்னார்.

அந்த உலகத்தில் ஆள் இல்லாதபோதும் செய்தி எழுதி வைக்கலாம். ஹெப்சி எழுதினாள்: "என் பெயர் ஹெப்சி. இந்தியாவில், ஆம்பூரில் இருக்கிறேன். உங்களுக்காக எங்கள் சபையில் ஜெபித்தோம். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்."

அனுப்பிவிட்டு, லில்லியை பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்தாள். பிரெட் பாக்கெட்டைப் பிரித்துத் திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். அலை வந்தது, போனது. பதில் வரவில்லை. அடுத்து வந்த மாலைகளிலும் வரவில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டிலை மட்டும் அவள் திறக்கவில்லை. அது மார்லாவுக்கென்று வந்தது.